சவாரியா, பயிற்சியா, பட்டறையா, மனுவா: குமரியில் சைக்கிள் அமைப்பு தொடங்குகிறவர்கள் எதை முதலில் எடுப்பது?

தக்கலை, கருங்கல், நாகர்கோவில் என்று மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் ஒரே மாதிரியான கேள்வி வந்துகொண்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், எல்லோரும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், லாப நோக்கம் கிடையாது, ஊரில் சைக்கிளும் நடையும் பெருக வேண்டும் என்ற ஆசை மட்டும்தான். ஆனால் முதல் வருஷம் எந்த வேலையைக் கையில் எடுப்பது என்பதில் பேச்சு முடிவதில்லை. ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கூட்டுச் சவாரி என்கிறார். இன்னொருவர் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுப்போம் என்கிறார். பழைய சைக்கிள்களைச் சரிசெய்து கொடுக்கலாம் என்று ஒருவர். ரோடு இப்படி இருக்கும்போது வேறு எதைச் செய்தும் பயனில்லை, முதலில் மனு கொடுப்போம் என்று ஒருவர்.

நான்குமே நல்ல வேலைகள்தான். ஆனால் நான்கையும் ஒன்றாகத் தொடங்கினால் மூன்று மாதத்தில் ஆள் கலைந்துவிடுவார்கள். பத்துப் பேரின் சாயங்காலங்களும் கையிலிருக்கும் கொஞ்சம் பணமும் ஒரு வேலைக்குத்தான் காணும். அதனால் எது முதலில் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

எதை வைத்து எடைபோடுவது

யாருக்குப் பலன் என்பதுதான் முதல் கேள்வி. நம் மாவட்டத்தில் சைக்கிள்காரர்கள் இரண்டு வகை. உடம்புக்காகவும் உற்சாகத்துக்காகவும் கியர் சைக்கிள் வாங்கி அதிகாலையில் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. வேறு வண்டி இல்லாததால் ஓட்டுகிறவர்கள் இன்னொரு வகை: விடியும் முன்னே ரப்பர் தோட்டத்துக்குப் போகும் பால்வெட்டுத் தொழிலாளி, கட்டட வேலைக்குப் போகும் கையாள், பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளை. அமைப்பு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகை, உதவி தேவைப்படுவது இரண்டாவது வகைக்கு. எடுக்கும் வேலை இந்த இடைவெளியைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது நிலமும் மழையும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயலும் குளத்தங்கரையுமாகச் சமதளம், ஓட்டச் சுகமாக இருக்கும், ஆரல்வாய்மொழிப் பக்கம் மட்டும் காற்று ஆளைத் தள்ளும். மேற்கே கல்குளமும் விளவங்கோடும் அப்படியல்ல. ஏற்றமும் இறக்கமும் வளைவும்தான், இரண்டு பக்கமும் மதில் நிற்கும் ஒடுங்கிய ரோடுகள், அதிலிருந்து பிரியும் இடவழிகள். மழையும் நமக்கு இரண்டு பருவமும் உண்டு, ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. திருச்சியிலோ மதுரையிலோ சரிப்பட்ட ஏற்பாடு என்பதற்காக இங்கேயும் சரிப்படும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது விஷயத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது பஸ். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, பள்ளிப் பிள்ளைகளுக்கு பாஸ் இருக்கிறது. இலவச பஸ் அடிக்கடி ஓடும் தடத்தில் போய் "சைக்கிளில் வாருங்கள்" என்றால் யாரும் வரமாட்டார்கள், வர வேண்டிய அவசியமும் இல்லை. பிகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். அதை ஆராய்ந்தவர்கள், உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம் என்று கண்டார்கள். குமரியில் நிலைமை வேறு, இங்கே பள்ளிகள் நெருக்கம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் நம் மாவட்டத்துக்குத்தான். ஆகவே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க இங்கே சைக்கிள் தேவையில்லை. பஸ் நிற்கும் முக்கிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து பள்ளிக்கும், ட்யூஷனுக்கும், நூலகத்துக்கும் உள்ள ஒன்று இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் சைக்கிளின் வேலை இருக்கிறது. நான்கு யோசனைகளையும் நான் இந்த மூன்று கிலோமீட்டரை வைத்தே அளக்கிறேன்.

இவற்றோடு, வெளியே தெரியாத செலவு எவ்வளவு, அமைப்பு நாளைக்கே நின்றுபோனாலும் ஊரில் என்ன மிஞ்சும் என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு கூட்டுச் சவாரி

தொடங்க மிகச் சுலபம். ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கிளம்பும் இடம், போதும். பெங்களூரில் 2013-இல் தொடங்கிய சைக்கிள் தினம் பல பேட்டைகளுக்குப் பரவியது. மத்திய அரசின் ஃபிட் இந்தியா இயக்கமும் 2024 டிசம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சவாரிகளை நடத்துகிறது. படம் எடுக்கலாம், செய்தியில் வரும், ஆள் சேரும்.

ஆனால் நம் மாவட்டத்தில் ஞாயிறு காலை என்பது ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆலயத்துக்குப் போகும் நேரம். அந்த நேரத்தில் சவாரி வைத்தால் கடற்கரை ஊர்களில் பெரும்பாலானவர்களும், மேற்குப் பகுதியில் பலரும் வர முடியாது. சனிக்கிழமைக்கு மாற்றுங்கள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு வையுங்கள். இன்னொன்று, ஜூன் 3-ஐ உலக சைக்கிள் தினமாக 2018-இல் ஐ.நா. அறிவித்ததால் எல்லோரும் அன்றைக்குப் பேரணி வைக்க நினைக்கிறார்கள். ஆனால் தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 1. நமக்கு அது நனைந்த பேனரும் வழுக்கும் ரோடும்தான்.

வெளியே தெரியாத செலவுகளும் உண்டு. டி-ஷர்ட், மெடல், சிற்றுண்டி என்று ஒவ்வொன்றாக வந்து சேரும், அதற்கு ஸ்பான்சர் தேடுவதிலேயே செயலாளரின் வாரம் போய்விடும். பிள்ளைகள் கலந்துகொண்டால் போலீஸ் அனுமதி, முதலுதவி, பின்னால் ஒரு வண்டி எல்லாம் வேண்டும். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, காலை ஆறு மணிக்குக் காலியாகக் கிடக்கும் ரோட்டில் ஓட்டிப் பழகியவருக்குத் திங்கட்கிழமை எட்டரை மணி ரோடு எப்படி இருக்கும் என்பது தெரியாமலே போய்விடுகிறது என்பதுதான். வருகிறவர்களும் முதல் வகைக்காரர்களே.

எங்கே இது சரி? நாகர்கோவிலில், ஒருவரையொருவர் தெரியாத பத்துப் பேர் முதன்முதலாகச் சேர்கிறீர்கள் என்றால் இதுதான் சரி. சுசீந்திரம், தேரூர் குளங்களைச் சுற்றி (ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது) சமதளத்தில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள், வேகப் போட்டி வேண்டாம், சாதாரண சைக்கிள்காரரும் கூட வரும்படி இருக்கட்டும். ஆள் சேர்ந்ததும் வேறு வேலைக்கு நகர்ந்துவிடுங்கள்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தல்

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய முன்னோடி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள், அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு கொடுத்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பெண்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது அதில் இன்னொரு வசதி. அங்கே சைக்கிள் ஒரு தேவையிலிருந்து பிறந்தது: தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்க.

குமரியில் அதே தேவை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே இளம்பெண்கள் பலர் நேரே ஸ்கூட்டிக்குப் போய்விடுகிறார்கள். கற்க ஆர்வமாக வருகிறவர்கள் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய அக்காமார், சின்ன வயதில் "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு சைக்கிள்" என்று தடுக்கப்பட்டவர்கள். அவர்கள் கற்றுக்கொள்ளும்போது முகத்தில் வருகிற சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றும். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் கையை எடுத்தது தெரியாமல் மைதானத்தின் பாதி வரை போய், திரும்பிப் பார்த்து, அப்புறம்தான் தடுமாறுவார்கள். அன்றைக்கே மறுபடி ஏறிவிடுவார்கள்.

செலவு: தாழ்ந்த சீட் உள்ள நல்ல சைக்கிள்கள் ஐந்தாறு, மதில் உள்ள மைதானம் ஒன்று, கற்றுக்கொடுக்கப் பெண்கள். மூன்றாவதுதான் கஷ்டம். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை வாரம் மூன்று நாள் வர முடிந்த இரண்டு பெண்கள் இல்லையென்றால் தொடங்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டும். இதையெல்லாம் தாண்டிய ஒரு சிக்கல், மைதானத்தில் கற்றவர் ரோட்டுக்கு வருவதில்லை. சைக்கிள் கையில் இருக்காது, இருந்தால் ரோடு பயமாக இருக்கும். பயிற்சியோடு நின்றுவிட்டால் மிஞ்சுவது சான்றிதழ்தான். பங்கு மைதானமோ பள்ளி மைதானமோ வீடுகளுக்கு நடுவில் இருக்கும் கடற்கரை ஊர்களில் இது நன்றாக நடக்கும். வீடுகள் தோப்பு விளைகளுக்குள் சிதறிக் கிடக்கும் மேற்குப் பகுதியில் ஆளைக் கூட்டிச் சேர்ப்பதே பாடாகிவிடும்.

பள்ளிச் சைக்கிள் பட்டறை

இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்துக்குப் பொருத்தமான வேலை இது என்று நம்புகிறேன்.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கிறார்கள். அதாவது ஒவ்வொரு வருஷமும் நம் ஊர்களுக்குள் புதிய சைக்கிள்கள் வந்துகொண்டே இருக்கின்றன, சைக்கிள் வாங்க நன்கொடை திரட்டுவதற்கு முன் அந்தச் சைக்கிள்கள் எங்கே இருக்கின்றன என்று போய்ப் பார்க்கலாம். பல வீடுகளில் அவை படிக்கட்டுக்குக் கீழேயோ விறகுப்புரையிலோ நிற்கும். காரணம் பெரிதாக ஒன்றும் இருக்காது. பஞ்சர் ஒட்டவில்லை, பின் பிரேக் பிடிக்கவில்லை, கம்பி ஒன்று அறுந்து ரிம் கோட்டமாகி பிரேக் ரப்பரில் உரசுகிறது, செயின் துருவில் இறுகிவிட்டது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். உப்புக்காற்றில் ஸ்போக் நிப்பிள்கள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் திருகுகள்) வெள்ளை பூத்து இறுகிவிட்டால் கோட்டம் எடுக்கச் சாவியைத் திருகும்போதே கம்பி முறியும். மாதம் ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, மழைக்கு முன் நிப்பிள்களில் ஒரு சொட்டு விட்டிருந்தால் அந்தச் சைக்கிள் பல வருஷம் ஓடியிருக்கும்.

இதைச் சரிசெய்ய மேதைகள் வேண்டாம். ஸ்பானர் செட், ஸ்போக் சாவி, பஞ்சர் சாமான், நிலைப்பம்பு, நிறுத்தி வேலை பார்க்க ஒரு ஸ்டாண்டு, வால்வு ட்யூப், பிரேக் ரப்பர், கேபிள், கொஞ்சம் ஸ்போக். பள்ளியில் ஒரு வராந்தா. மாதம் ஒரு சனிக்கிழமை. பிள்ளைகளே கையில் கிரீஸைப் பூசிக்கொண்டு செய்வதுதான் முக்கியம், நீங்கள் செய்து கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த மாதம் அதே சைக்கிள் அப்படியே நிற்கும்.

மறைந்த செலவுகளில் முதலாவது, ஊரில் மிச்சமிருக்கும் சைக்கிள் கடைக்காரர். வாடகைச் சைக்கிள் காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகள் பலர் இப்போது பைக் பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறார்கள். நீங்கள் பள்ளியில் இலவசமாகச் செய்தால் அவருக்கு மிச்சமிருந்த வேலையும் போகும். அவரையே கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். கோட்டம் எடுக்க அவருக்குத் தெரிந்த அளவு உங்களில் யாருக்கும் தெரியாது, பாகங்களையும் அவரிடமே வாங்குங்கள், பட்டறை இல்லாத நாட்களில் பிள்ளைகள் அவர் கடைக்குத்தான் போக வேண்டும். இந்தக் கூலிதான் வருஷச் செலவில் பெரியது, அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

இரண்டாவது, நன்கொடை. "பழைய சைக்கிள் தாருங்கள்" என்று அறிவித்தால் வருகிறவற்றில் பாதி மூன்று சக்கரக் குழந்தைச் சைக்கிளும் ஃபிரேம் முறிந்ததுமாக இருக்கும், அதை வைக்க இடமும் தூக்கிப் போட வண்டியும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். எதை வாங்குவோம், எதை வாங்க மாட்டோம் என்று முதலிலேயே எழுதிப் போட்டுவிடுங்கள். மூன்றாவது, பொறுப்பு. நீங்கள் சரிசெய்த பிரேக் இறக்கத்தில் பிடிக்காமல் போனால் கேள்வி உங்களிடம் வரும். கல்குளம், விளவங்கோடு பக்கம் இறக்கம் இல்லாத ரோடே இல்லை. வெளியே போகும் ஒவ்வொரு சைக்கிளையும் பெரியவர் ஒருவர் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே விடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு அமைப்பே இல்லாமல் போனாலும் மிஞ்சுவது கருவிப் பெட்டி, ஓடுகிற சைக்கிள்கள், பஞ்சர் ஒட்டத் தெரிந்த பிள்ளைகள். இது போதாதா? அதோடு இன்னொன்றும் கிடைக்கிறது. பட்டறைக்கு வரும் பிள்ளைகளிடம் எந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறாய், எந்த வளைவில் பயம் என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அடுத்த வேலைக்கு அந்தப் பதில்கள்தான் ஆதாரம்.

பதினொன்று, பன்னிரண்டு இல்லாத பள்ளியிலும், எல்லோரும் பள்ளி வேனில் வரும் பள்ளியிலும் இது எடுபடாது.

மனுவும் ரோடும்

ரோடு மாறாமல் சைக்கிள் பெருகாது என்பது உண்மை. நெதர்லாந்தின் சைக்கிள் பாதைகளை எல்லோரும் புகழ்கிறோம், ஆனால் 1970-களில் ரோட்டில் பிள்ளைகள் செத்து மடிவதைப் பொறுக்காமல் பெற்றோர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் அங்கே ரோடுகள் மாறத் தொடங்கின. ஆகவே மனுவை யாரும் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் என்ன கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். குமரியின் உள்ரோடுகளில் தனிச் சைக்கிள் பாதை கேட்பதில் அர்த்தமில்லை, மதிலுக்கும் மதிலுக்கும் இடையில் இரண்டு வண்டி ஒதுங்கவே இடமில்லை. கேட்க வேண்டியது வேறு. தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, ஓரத்து மண் மழையில் அரித்து அரையடிப் பள்ளமாக நிற்கிறது. பின்னால் கேரளத்துக்கு ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரி ஹாரன் அடிக்கும்போது சைக்கிளில் போகிற பிள்ளை ஓரத்தில் இறங்க முடியாது, இறங்கினால் விழும். ஓரத்தை நிரப்பி ரோடு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், பள்ளி தொடங்கும் விடும் நேரத்தில் கனரக லாரியை அந்த ரோட்டில் விடாதீர்கள், பள்ளிக்கு இரு பக்கமும் முறையான வேகத்தடை போட்டு முன்னால் கோடும் பலகையும் வையுங்கள். இவை நடக்கக்கூடிய கோரிக்கைகள். நடைபாதை கேட்பதென்றால், இந்தியச் சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 103 தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் என்கிறது. நல்ல நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் மனுவில் எழுதுங்கள்.

சானல் (பாசனக் கால்வாய்) கரைகளைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அனந்தனார் சானல், தோவாளை சானல் கரைகளில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், நிழலும் சமதளமுமாக அவ்வளவு அருமையான வழி. ஆனால் அதைத் தார் போட்டுத் தரச் சொன்னால் அடுத்த மாதமே காரும் டெம்போவும் அதைக் குறுக்குவழியாக்கிவிடும். தார் கேட்காதீர்கள், மண்ணைக் கெட்டிப்படுத்தி, இரு முனையிலும் நான்கு சக்கர வண்டி நுழையாதபடி கல் நடச் சொல்லிக் கேளுங்கள். கரை நீர்வளத்துறையுடையது, மனு அங்கேதான் போக வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதிலேயே பலருக்கு ஆறு மாதம் போய்விடும். ஒரே ரோட்டில் அரை கிலோமீட்டர் ஊராட்சி, அப்புறம் பேரூராட்சி, அதற்கப்பால் மாநில நெடுஞ்சாலைத்துறை, கடைசியில் தேசிய நெடுஞ்சாலை. ரோடு யாருடையது என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். ஊராட்சி ரோடு என்றால் கிராம சபைத் தீர்மானம் நல்ல ஆயுதம். இப்போது வருஷத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் கவுன்சிலர் மூலம் போகலாம்.

செலவு காகிதமும் பஸ் கட்டணமும்தான் என்று தோன்றும். உண்மையான செலவு காலமும் பகையும். நடைபாதையை மீட்கச் சொன்னால் கடைக்காரர் முகம் திருப்புவார், லாரியைத் தடுக்கச் சொன்னால் உங்களைத் தேடி ஆள் வரலாம், ஒரு கட்சிக்காரரோடு போனால் இன்னொரு கட்சிக்காரர் எதிர்ப்பார். புதிதாகச் சேர்ந்த பத்துப் பேர், ஊரில் இன்னும் யாருக்கும் தெரியாதவர்கள், இதை முதல் வேலையாக எடுத்தால் தாங்க மாட்டார்கள். ஆனால் அந்த ரோட்டில் ஏற்கெனவே விபத்து நடந்து ஊரே கொதித்துப் போயிருக்கிறது என்றால் சவாரி, பயிற்சி எதுவும் வேண்டாம், நேரே மனுவுக்குப் போங்கள்.

அப்படியானால்

என் முடிவு: ஒரு பள்ளி, அதைச் சுற்றி மூன்று கிலோமீட்டர், முதல் வருஷம் பட்டறை. அடுத்த வருஷம் அதே பிள்ளைகள் காட்டிய இடங்களை வைத்து மனு. நாகர்கோவில்காரர்கள் ஆள் சேர்க்க மூன்று நான்கு சவாரி வைத்துவிட்டு இதற்கு வரலாம். குளச்சல் முதல் நீரோடி வரையிலான கடற்கரை ஊர்க்காரர்கள், பெண் பயிற்றுநர்கள் கிடைத்தால் பயிற்சியோடு தொடங்கி, கற்றவர்களின் வீட்டில் துருப்பிடித்து நிற்கும் சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லலாம், அங்கே இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

பதிவு செய்வதா வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். ஏழு பேர் இருந்தால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம், ஆனால் அதற்குப் பிறகு வருஷாவருஷம் பொதுக்குழு, கணக்கு, தாக்கல் எல்லாம் உண்டு. ஒரு பள்ளியில் பட்டறை நடத்தத் தலைமையாசிரியரின் அனுமதிக் கடிதம் போதும். வெளியாரிடம் நன்கொடை வாங்கத் தொடங்கும் அன்றைக்குப் பதிவைப் பற்றி யோசியுங்கள்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. கோடை விடுமுறையில் கடைக்காரரைப் பேசி, கருவி வாங்கி, பள்ளி திறந்ததும் முதல் பட்டறையை வராந்தாவில் வைத்துவிட்டால் மழை தடுக்காது. பிள்ளைகள் சொல்லும் இடங்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், அதன் நகல் ஒன்று தலைமையாசிரியரிடமும் இருக்கட்டும், அவர் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருகிறவர் கையில் கோப்பு இருக்கும்.